பேட்டரியிலிருந்து ஒரு முழம்

காரில் சப்வூஃபர், அதாவது பேஸ் ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர், வைக்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளோடுதான் வருவார்கள். எத்தனை அங்குல சப்? அதை இயக்கும் ஆம்ப்ளிஃபையர், சுருக்கமாக ஆம்ப், எத்தனை வாட்? வயரைப் பற்றிய யோசனை கடைசியில்தான் வரும், அதுவும் மிச்சமிருக்கிற காசில் கிடைப்பதை வாங்கிக்கொள்ளலாம் என்ற கணக்கில். ஆனால் இந்த மொத்த வேலையிலும் தீப்பிடிக்க அதிக வாய்ப்புள்ளது சப்பும் இல்லை, ஆம்பும் இல்லை. பானெட்டுக்கு அடியில் கிளம்பி, கார்ப்பெட்டுக்குக் கீழே யார் கண்ணிலும் படாமல் டிக்கி வரை போகிற அந்தச் சிவப்பு வயர்தான்.

12 வோல்ட்தானே, தொட்டால்கூட ஷாக் அடிக்காதே என்று கேட்கலாம். சரிதான், அடிக்காது. காய்ந்த தோலின் மின்தடை அதிகம். 12 வோல்ட்டால் அதைத் தாண்டி உறைக்கிற அளவுக்கு மின்சாரத்தை அனுப்ப முடியாது. ஆனால் ஸ்பேனருக்குத் தோல் கிடையாது. கார் பேட்டரியின் உள்தடை சில மில்லி ஓம்தான். அதன் பிளஸ் முனையையும் காரின் பாடியையும் இரும்புத் துண்டு எதாவது சேர்த்துவிட்டால், பல நூறு ஆம்பியர் அந்த நொடியே பாயும். ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுழற்றுவதற்காக அப்படிச் செய்த பேட்டரி அது. கேட்பது மோட்டாரா, தவறி விழுந்த ஸ்பேனரா என்றெல்லாம் பார்க்காது, கேட்டதைக் கொடுத்துவிடும். குறுக்கே மாட்டியது வயராக இருந்தால் மேலே இருக்கும் பிவிசி உறை இளகி, புகைந்து, பக்கத்திலிருக்கும் கார்ப்பெட்டுக்குத் தீ தாவும். தாமிரம் உருக 1,085 டிகிரி செல்சியஸ் வேண்டும்; சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் இளக அதில் கால்வாசிகூட வேண்டாம்.

ஃபியூஸ் எதற்குக் காவல்?

ஆம்பைக் காப்பாற்றத்தான் ஃபியூஸ் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆம்புக்கு அதன் பக்கவாட்டிலேயே சொந்த ஃபியூஸ் இருக்கும், அது வேறு கதை. பேட்டரி ஓரமாக நாம் தனியாக மாட்டும் ஃபியூஸ் வயருக்கானது.

வீட்டில் கரண்ட் போகவும் திரும்பவும் இரண்டு வயர் இருக்கும். காரில் அப்படியில்லை. போவதற்கு மட்டும்தான் வயர். திரும்பி வருவது காரின் இரும்பு உடம்பு வழியாக. அதாவது காரின் எந்தத் தகரத்தைத் தொட்டாலும் அது பேட்டரியின் மைனஸ்தான். இன்ஜின் அறையையும் உட்புறத்தையும் பிரிக்கும் தடுப்புத் தகட்டில் ஓட்டை போட்டுச் சிவப்பு வயரை நுழைத்திருக்கிறோம் என்று வையுங்கள். ஓட்டையின் விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும். கார் ஓட ஓட அதிர்வில் வயர் அதில் உரசிக்கொண்டே இருக்கும். ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து உறை அறுந்து தாமிரம் தகட்டைத் தொடும்.

இப்போது ஃபியூஸ் எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. டிக்கியில், ஆம்புக்குப் பக்கத்தில் இருந்தால் அது இருந்தும் இல்லாத மாதிரிதான். மின்சாரம் பேட்டரியில் கிளம்பி, அறுந்த இடத்தில் பாடிக்குள் இறங்கி, அப்படியே பேட்டரிக்குத் திரும்பிவிடும். டிக்கிப் பக்கமே அது போகாது. ஃபியூஸ் கடைசிவரை பத்திரமாக இருக்க, வயர் எரியும். அதனால்தான் கார் ஆடியோ பொருத்துகிறவர்கள், பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து 18 அங்குலத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும் என்று சொல்கிறார்கள். நம் பழைய அளவில் சரியாக ஒரு முழம். முழங்கையை பேட்டரி முனைமேல் வைத்தால் நடுவிரல் நுனி எட்டுகிற தூரத்துக்குள் ஃபியூஸ் இருந்தாக வேண்டும். அந்த ஒரு முழ வயருக்குக் காவல் என்று எதுவும் கிடையாது. ஆகவே அதை இன்னும் குறைக்க முடிந்தால் குறைத்து, மேலே ஒரு நெளிக்குழாயை மாட்டி, ஆடாமல் கட்டிவிடுவது நல்லது.

எத்தனை ஆம்பியர் ஃபியூஸ்? வயர் தாங்கும் அளவுக்கு மேல் போகவே கூடாது. கேஜ் என்பது வயரின் தடிமனைச் சொல்லும் எண். பொதுவாக 8 கேஜ் தாமிர வயருக்கு 60 ஆம்பியருக்குள்ளும், 4 கேஜுக்கு 100 ஆம்பியரை ஒட்டியும் வைத்துக்கொள்வார்கள். ஆம்பின் மேலிருக்கும் ஃபியூஸ்களின் கூட்டுத்தொகை அதைவிடக் குறைவாக இருந்தால் அந்தக் கூட்டுத்தொகை போதும். ஒன்று கவனிக்க வேண்டும்: 60 ஆம்பியர் ஃபியூஸ் 61-ல் போய்விடாது. கார்களில் சாதாரணமாக வரும் பிளேடு ஃபியூஸ் தன் அளவைவிடப் பத்து சதவீதம் கூடுதலை மணிக்கணக்கில் தாங்கும்; 35 சதவீதம் கூடினாலும் போவதற்குப் பத்து நிமிடம்வரை எடுத்துக்கொள்ளலாம். "எதற்கும் ஒரு சைஸ் பெரிசாகவே போடுங்கள்" என்கிற அறிவுரை ஆபத்தாவது இதனால்தான். ஃபியூஸே கொஞ்சம் தாராளமாகத்தான் நடந்துகொள்கிறது, நாம் வேறு தாராளம் காட்டினால் நடுவில் வேகுவது வயர். போன ஃபியூஸுக்குப் பதில் அலுமினியத் தாளைச் சுருட்டி வைப்பதைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை.

அட்டைப்பெட்டியில் இருக்கும் வாட்டும் நிஜ வாட்டும்

வயரின் தடிமனை முடிவு செய்ய, ஆம்ப் எத்தனை ஆம்பியர் இழுக்கும் என்று தெரிய வேண்டும். பெட்டியில் 2,000 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதை நம்பிக் கணக்குப் போட்டால் எங்கேயோ போய் நிற்போம். அது கண நேர உச்சம், பல சமயம் அதுகூட இல்லை. பார்க்க வேண்டியது ஆர்எம்எஸ் வாட், அதாவது ஆம்ப் தொடர்ந்து தரக்கூடிய சக்தி. அமெரிக்காவில் 2003-ல் வந்து இப்போது சிடிஏ-2006 என்று அழைக்கப்படும் தரமுறை ஒன்று உண்டு: 14.4 வோல்ட்டில், 4 ஓம் சுமையில், ஒலிச்சிதைவு ஒரு சதவீதத்தைத் தாண்டாமல் எத்தனை வாட் வருகிறது என்று அளந்து போட வேண்டும். அப்படி அளந்த எண் என்றால் நம்பலாம்.

அதுவும் இல்லையென்றால் ஆம்பின் ஃபியூஸைப் பாருங்கள். 2,000 வாட் என்று எழுதியிருக்கும், பக்கவாட்டில் ஒரே ஒரு 30 ஆம்பியர் ஃபியூஸ் சிரித்துக்கொண்டிருக்கும். 30 ஆம்பியரை 14 வோல்ட்டால் பெருக்கினால் 420 வாட். உள்ளே போவதே அவ்வளவுதான். மின்சாரத்தை அதிகம் வீணாக்காத டி வகை ஆம்ப் என்றால் அதில் ஏறக்குறைய 80 சதவீதம் ஒலிச்சக்தியாக வெளியே வரும், சுமார் 340 வாட். மீதி 1,660 வாட் அச்சகத்தில் சேர்த்தது.

ஒரு நேர்மையான 500 வாட் டி வகை ஆம்பை எடுத்துக்கொள்வோம். 500 வாட் வெளியே வர 625 வாட் உள்ளே போக வேண்டும். இன்ஜின் ஓடும்போது இருக்கும் 13.8 வோல்ட்டால் வகுத்தால் 45 ஆம்பியர். பழைய ஏபி வகை என்றால் திறன் குறைவு; அதே 500 வாட்டுக்கு 65 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பாட்டு எந்நேரமும் முழுச் சக்தியைக் கேட்பதில்லை, சராசரி இதைவிட வெகு குறைவுதான். ஆனாலும் வயரை உச்சத்துக்குத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இனி அந்த 45 ஆம்பியரை 5 மீட்டர் வயரில் அனுப்பிப் பார்ப்போம். கேஜ் கணக்கில் எண் குறையக் குறைய வயர் தடிக்கும் என்பது தெரிந்திருக்கும். 8 கேஜ் தாமிரம் சுமார் 8.4 சதுர மில்லிமீட்டர். 5 மீட்டருக்கு அதன் தடை 10 மில்லி ஓம். அதில் கிட்டத்தட்ட அரை வோல்ட் தொலைகிறது, 20 வாட் வெப்பமாகிறது. 4 கேஜ் என்றால் 21 சதுர மில்லிமீட்டர், இழப்பு 0.2 வோல்ட்டுக்குள், வெப்பம் 8 வாட்தான். இந்த ஆம்புக்கு நான் 4 கேஜ்தான் போடுவேன்.

ஆனால் எந்த 4 கேஜ்? மலிவான கிட்களில் வருவது பெரும்பாலும் தாமிரப் பூச்சு போட்ட அலுமினியம். சிசிஏ என்பார்கள். அதன் தடை தாமிரத்தைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். 4 கேஜ் சிசிஏ என்பது உண்மையில் 6 கேஜ் தாமிரம் செய்கிற வேலையைத்தான் செய்யும். அது ஆகாது என்று ஒதுக்க வேண்டியதில்லை, தெரிந்து வாங்கினால் ஒரு சைஸ் தடிமனாகப் போட்டுக்கொள்ளலாம். தெரியாமல் வாங்குவதுதான் தொல்லை. கண்டுபிடிக்க ஓர் இழையைப் பிரித்து பிளேடால் சுரண்டினால் போதும், சிவப்பு போய் வெள்ளை தெரியும். கையில் தூக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும், தாமிரம் என்றால் கனக்கும். இன்னும் சில வயர்களில் உறை மட்டும் விரல் தடிமனுக்கு இருக்கும், உள்ளே பார்த்தால் நாலு இழை.

திரும்பி வரும் பாதை

போகிற வயருக்கு இவ்வளவு கணக்குப் போட்டவர்கள்கூட எர்த் வயரை ஏதோ ஒரு ஸ்க்ரூவில் முறுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். நானும் அதைத்தான் செய்தேன். டிக்கியின் பக்கவாட்டில் பிளாஸ்டிக்கைப் பிடித்திருந்த ஒரு ஸ்க்ரூ கைக்கு வசதியாக இருந்தது, அதிலேயே மாட்டிவிட்டேன். மெல்லிய சத்தத்தில் நன்றாகப் பாடியது. சத்தத்தைக் கூட்டினால் ஒவ்வொரு பேஸ் அடிக்கும் ஆம்பின் சிவப்பு விளக்கு எரிந்து அணைந்தது. ஆம்ப் பழுது என்று நினைத்து இரண்டு வாரம் அதையே குடைந்துகொண்டிருந்தேன்.

கடைசியில் மல்டிமீட்டரை எடுத்தேன். ஒரு நீள வயரை பேட்டரியின் மைனஸிலிருந்து டிக்கி வரை இழுத்து, மீட்டரின் ஒரு முனையை அதிலும் மறுமுனையை ஆம்பின் மைனஸ் டெர்மினலிலும் வைத்துப் பாட்டைப் போட்டேன். இரண்டும் மைனஸ்தானே, பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். பேஸ் விழும்போதெல்லாம் 1.3 வோல்ட் காட்டியது. சுமார் 35 ஆம்பியர் ஓடும் இடத்தில் 1.3 வோல்ட் என்றால் 45 வாட். ஒரு சாலிடரிங் அயர்னின் சூடு. அது அந்த ஒற்றை ஸ்க்ரூவுக்கு அடியில், பெயின்ட்டுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே உட்கார்ந்திருந்தது. கழற்றியபோது லக்கைச் (வயர் முனையில் மாட்டும் உலோக வளையம்) சுற்றிப் பெயின்ட் பழுப்பாகிப் பொரிந்திருந்தது.

பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது. லக் உட்காரும் இடத்தில் வெள்ளைத் தகடு பளபளக்கும்வரை தேய்த்துவிட்டு, பல் வைத்த வாஷர் போட்டு, நட்டு போல்ட்டால் இறுக்கி, அப்புறம் மேலே பெயின்ட்டோ கிரீஸோ பூச வேண்டும். இல்லையென்றால் அதே இடம் துருப்பிடித்து மறுபடி தடையாகும். எர்த் வயரும் பிளஸ் வயரின் தடிமனில்தான் இருக்க வேண்டும், நீளம் இங்கேயும் ஒரு முழத்துக்குள். புதிதாகத் துளை போடுகிறீர்கள் என்றால் முதலில் காருக்கு அடியில் படுத்து அந்தத் தகட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். பெட்ரோல் டேங்க்கும் பிரேக் குழாயும் அங்கேதான் எங்கேயாவது போகும். சீட் பெல்ட் போல்ட் தடியாக, நல்ல எர்த் மாதிரி கண்ணைப் பறிக்கும். அதைத் தொடவே வேண்டாம். விபத்தில் ஆளைப் பிடித்து நிறுத்துவதற்கென்று கணக்காக இறுக்கியது அது. மேற்சொன்ன அளவீட்டில் பேஸ் விழும்போது 0.1 வோல்ட்டைத் தாண்டவில்லை என்றால் எர்த் நன்றாக இருக்கிறது.

வயர் போகும் வழியில் வேறு சில சங்கதிகளும் உண்டு. தடுப்புத் தகட்டில் ஏற்கெனவே ரப்பர் வளையத்தோடு துளைகள் இருக்கும், அதில் ஒன்றைப் பயன்படுத்தலாம். புதுத் துளை என்றால் ரப்பர் வளையம் இல்லாமல் வயரை நுழைக்கக் கூடாது. சீட் நகரும் தண்டவாளத்துக்குக் குறுக்கே வயர் போகக் கூடாது. மஞ்சள் உறை போட்ட வயர்கள் ஏர்பேகுக்கானவை, ஆரஞ்சு உறை போட்டவை ஹைப்ரிட், மின்சாரக் கார்களின் உயர் அழுத்த வயர்கள். இரண்டையும் கண்டால் ஒதுங்கிவிட வேண்டும். ஸ்டீரியோவிலிருந்து பாட்டின் சிக்னலைக் கொண்டுவரும் ஆர்சிஏ வயரைப் பவர் வயருக்கு எதிர்ப்பக்கமாகக் கொண்டுபோவது நல்ல பழக்கம். இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் "ஙொய்" சத்தம் வந்தால் மட்டும் அதையே குற்றம் சொல்லாதீர்கள், பல சமயம் அது எர்த் கோளாறுதான். நீலத்தில் வெள்ளைக் கோடு போட்ட மெல்லிய வயர் ஆம்பை எழுப்புவதற்கு. அதை நேராக பேட்டரியில் கொடுத்துவிட்டால் ஆம்ப் தூங்கவே தூங்காது, காலையில் கார் ஸ்டார்ட் ஆகாது.

ஓம் கணக்கு

சப்பை ஆம்போடு சேர்க்கும் இடத்தில் தீ ஆபத்து குறைவு, பொருள் புகைந்துபோகும் ஆபத்து அதிகம். இப்போது வரும் சப்களில் பலவற்றுக்கு இரட்டைக் காயில் (ஸ்பீக்கரை அசைக்கும் கம்பிச்சுருள்). தலா 4 ஓம் என்றால், இரண்டையும் வரிசையாகச் சேர்த்தால் 8 ஓம், பக்கம் பக்கமாகச் சேர்த்தால் 2 ஓம். ஓம் குறைந்தால் ஆம்ப் அதிக மின்சாரத்தைத் தள்ளும், சத்தம் கூடும், சூடும் கூடும். தான் தாங்கும் குறைந்தபட்ச ஓம் எவ்வளவு என்று ஆம்பின் மேலேயே எழுதியிருக்கும். அதற்குக் கீழே போனால் ஒன்று ஆம்ப் தன்னை அணைத்துக்கொள்ளும், இல்லையென்றால் உள்ளிருக்கும் டிரான்ஸிஸ்டர்கள் போகும்.

இரண்டு சப் வாங்குகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். 2 ஓம்வரை தாங்கும் ஆம்ப், இரட்டை 4 ஓம் காயில் உள்ள சப் இரண்டு. நாலு காயிலையும் பக்கம் பக்கமாக இணைத்தால் 1 ஓம், கூடாது. ஒவ்வொரு சப்பிலும் காயில்களை வரிசையாக்கி 8 ஓம் செய்து, பிறகு இரண்டு சப்பையும் பக்கம் பக்கமாகச் சேர்த்தால் 4 ஓம். அது பத்திரம், ஆனால் ஆம்பின் முழு பலம் கிடைக்காது. சரியாக 2 ஓம் வேண்டும் என்றால் இந்த சப்களில் வழியே இல்லை. இரட்டை 2 ஓம் காயில் உள்ளவற்றைத்தான் வாங்கியிருக்க வேண்டும். கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் வரைந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

ஒற்றைச் சேனல் ஆம்பில் இரண்டு ஜோடி ஸ்பீக்கர் முனைகள் இருப்பதைப் பார்த்துவிட்டு இரண்டு சேனல் என்று எண்ணிவிடக் கூடாது. உள்ளே இரண்டும் ஒன்றுதான். இரண்டு சேனல் ஆம்பை பிரிட்ஜ் செய்தால், அதாவது இரண்டு சேனலையும் சேர்த்து ஒரே ஸ்பீக்கரை இயக்கினால், கதை தலைகீழ்: வெளியே 4 ஓம் மாட்டினாலும் ஒவ்வொரு சேனலுக்கும் அது 2 ஓம்மாகத்தான் தெரியும். அப்புறம், ஸ்பீக்கரின் மைனஸ் வயர் பாடியைத் தொடவே கூடாது. காரில் எல்லா மைனஸும் பாடிதானே என்ற பழக்கத்தில் சிலர் சேர்த்துவிடுகிறார்கள். பெரும்பாலான ஆம்புகளில் ஸ்பீக்கரின் இரண்டு முனையிலும் மின்னழுத்தம் இருக்கும். பாடியோடு சேர்த்தால் அது நேரடி ஷார்ட்.

இணைத்து முடித்ததும், ஆம்பில் மாட்டும் முன், மல்டிமீட்டரால் மொத்தத் தடையை அளந்துவிடுங்கள். மீட்டர் காட்டுவது பெயரளவு ஓம்மைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கும். 4 ஓம் காயில் மூன்றரையை ஒட்டிக் காட்டும், அது சரிதான்.

கெயின் திருகு வால்யூம் திருகு இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஸ்டீரியோ அனுப்பும் சிக்னலின் அளவுக்கு ஆம்பைப் பொருத்துவதற்கு அது. அளவுக்கு மேல் திருகினால் அலையின் தலை வெட்டுப்பட்டுச் சதுரமாகும். அதே உயரத்தில் முழுச் சதுர அலை சாதாரண அலையைப் போல இரண்டு மடங்கு சக்தியைக் காயிலில் கொட்டும். 300 வாட் சப்பில் 600 வாட் வெப்பம் ஏறினால் பசை கருகும் வாடை வரும். அந்த வாடை வந்தபின் செய்வதற்கு ஒன்றுமில்லை. சரியாக வைக்க, சப்பைக் கழற்றிவிட்டு, பேஸ் பூஸ்ட் எல்லாவற்றையும் அணைத்து, ஸ்டீரியோவின் சத்தத்தை முக்கால்வாசியில் வைத்து, 50 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓடவிட்டு, ஆம்பின் வெளியீட்டில் ஏசி வோல்ட்டை அளக்கலாம். வேண்டிய வாட்டை ஓம்மால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வர வேண்டிய வோல்ட் கிடைக்கும். 300 வாட், 4 ஓம் என்றால் 34.6 வோல்ட். அங்கே வந்ததும் திருகை விட்டுவிட வேண்டும்.

பேஸ் அடிக்கும்போது ஹெட்லைட் மங்குகிறது என்று ஒரு ஃபாரட் கெப்பாசிட்டர் வாங்கி மாட்டுகிறவர்கள் உண்டு. அதன் அழுத்தம் 14 வோல்ட்டிலிருந்து 12-க்கு இறங்கும்போது அது கொடுப்பது 26 ஜூல். மேலே சொன்ன 500 வாட் ஆம்ப் அதை 0.04 நொடியில் குடித்துவிடும், கண் இமைக்கக்கூட அதைவிட நேரம் ஆகும். அந்தக் காசுக்கு எர்த்தைச் சரிபார்த்து, பேட்டரியின் வயதையும் பார்த்துக்கொள்ளலாம்.

முதல்முறை உயிர் கொடுக்கும்போது

வேலை தொடங்கும்போது முதலில் கழற்ற வேண்டியது பேட்டரியின் மைனஸ். பிளஸை முதலில் கழற்றினால், ஸ்பேனரின் மறுமுனை பாடியில் பட்ட கணமே ஷார்ட். மைனஸ் கழன்றுவிட்டால் ஸ்பேனர் எங்கே பட்டாலும் சுற்று முழுமையாகாது. பேட்டரி முனைகளைத் திரும்ப மாட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசி.

ஃபியூஸை ஹோல்டரில் போடாமலேயே எல்லாவற்றையும் இழுத்து முடியுங்கள். டெர்மினல்களில் நுழையும் வயர் முனைக்கு ஈயம் வைப்பது கெட்டிக்காரத்தனம் மாதிரித் தோன்றும். ஸ்க்ரூவின் அழுத்தத்தில் ஈயம் நாளடைவில் தட்டையாகி இணைப்பு தளர்ந்துவிடும். அதற்குப் பதில் லக் போட்டுக் கிரிம்ப் செய்வது, அதாவது நசுக்கி இறுக்குவது, மேல். வெளியே துருத்தும் ஓர் இழைகூட பக்கத்து முனையைத் தொடக் கூடாது. சிவப்பு வயரை ஆம்பில் மாட்டும் முன், அதற்கும் பாடிக்கும் நடுவே தடையை அளந்து பாருங்கள், மீட்டர் எதையும் காட்டக் கூடாது. காட்டினால் வழியில் எங்கேயோ உரசியிருக்கிறது. அதன்பின் ஆம்பில் மாட்டி, பேட்டரியின் மைனஸையும் மாட்டி, எல்லாவற்றுக்கும் கடைசியாக ஃபியூஸ். போடும்போது சின்னதாகப் பொறி பறந்தால் பயப்பட வேண்டாம், ஆம்புக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்கள் நிரம்புகின்றன.

அரை மணி நேரம் நல்ல சத்தத்தில் ஓட்டிவிட்டு, பாட்டை நிறுத்தியதும் ஃபியூஸ் ஹோல்டர், எர்த் போல்ட், ஆம்பின் டெர்மினல் மூன்றின்மேலும் விரலை வைத்துப் பாருங்கள். வயரெல்லாம் வெதுவெதுப்பாக இருக்க ஓர் இடம் மட்டும் சுட்டால், அங்கே ஸ்க்ரூ இன்னும் இறுகவில்லை. மைனஸைக் கழற்றிவிட்டு இறுக்குங்கள்.